அறுபது குழிகளில் ஒன்று

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் புது வேலையைப் பற்றிச் சொன்னாய். பெங்களூரில் அந்த மரபணுப் பரிசோதனைக் கூடத்தில், அறிக்கை வந்ததும் குடும்பங்களை உட்காரவைத்து, அதில் என்ன இருக்கிறது என்று எடுத்துச் சொல்வது உன் பொறுப்பு. "எல்லாத்தையும் மெஷினே பண்ணிருதுங்கம்மா. நான் ரிசல்ட்டைச் சொல்லோணும், அவ்வளவுதான். லேசான வேலை" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அங்கே ஸ்வெட்டர் தேவைப்படாது, கிளம்புமுன் வீட்டுக்கு வரும்போது இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று பேச்சை மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து நான்கு நாளாக மனசு சரியில்லை. ரிசல்ட்டைச் சொல்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சொல். அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும், அவரும் போய்விட்டார். நீ கிளம்புவதற்கு முன்னால் இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன்.

ஊட்டியில் நான் வேலை பார்த்த இடம் உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களா. ஒரு டாக்டர், நான், இன்னொரு டெக்னீஷியன், ஜீப் டிரைவர், அவ்வளவுதான் ஆட்கள். டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவருடைய ஆராய்ச்சிக்கென்று சில வருடங்கள் மட்டும் நடந்த கூடம் அது. இப்போது அந்த இடத்தில் ஒரு ஓட்டல் நிற்கிறது. அருவங்காட்டுத் தொழிற்சாலையில் என் அப்பா வேலையில் இருந்ததால் என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பி லேப் படிப்பு படிக்கவைக்க முடிந்தது. எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் பெண் நான்தான். அந்தக் கோட்டில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதையும் இந்தக் கதையில் சேர்த்துக்கொள்.

நாங்கள் செய்த வேலையை நீ இன்னும் நன்றாகச் சொல்லுவாய்; நான் என் பாஷையில் சொல்கிறேன். நம் ரத்தத்தின் வெள்ளணுக்களுக்கு மேலே சில புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். தகப்பனிடம் இரண்டு வகை, தாயிடம் இரண்டு வகை. பிள்ளைக்கு இவரிடமிருந்து ஒன்று, அவரிடமிருந்து ஒன்று. சிறுநீரகம் மாற்றுவதற்கு முன்னால் பொருத்தம் பார்ப்பதும் இதைத்தான். அந்தக் காலத்தில் இந்த வகைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருந்தது: அந்தந்த வகையைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. பல பிள்ளைகள் பெற்ற பெண்களின் ரத்தத்தில் கிடைக்கும். வயிற்றில் இருக்கிற பிள்ளை பாதி தகப்பன் அல்லவா? பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும்போது, தாயின் உடம்பு அந்தத் தகப்பன் பாதியை அந்நியமாக எடுத்துக்கொண்டு, அதற்கு எதிராக ஆன்டிபாடி வளர்த்துவிடும். பிள்ளைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த ரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளிகிற மஞ்சள் நீரை எடுத்தால், அதை வைத்து உலகத்தில் யாருடைய அணுவில் அந்த வகை இருக்கிறது என்று சோதித்துவிடலாம். அந்த நீரைத்தான் சீரம் என்போம்.

ஆகவே, பல பிள்ளைகள் பெற்ற பெண்களைத் தேடிப் போனோம். தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்குக் குறைவில்லை. கூடலூர் தாண்டி, தேவாலா, பந்தலூர் வழியாகச் சேரம்பாடி வரைக்கும் ஜீப்பில் போவோம். டாக்டர் கேட்டால் பெண்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். நான் கேட்டால் நீட்டுவார்கள். ஏனென்றால் நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். "எத்தனாவது மாசம்?", "கால் வீங்குதா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கையால் என் வயிற்றைத் தடவி, மறு கையை ஊசிக்குக் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். எட்டாவது மாதம் வரைக்கும் என்னை அந்த மலைப்பாதையில் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். அவர்கள் என்னிடம் காட்டிய பிரியத்தைக் கொண்டே நான் அவர்களிடம் ரத்தம் எடுத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்படிக் கிடைத்தவர்தான் பூரணம். சிலோனிலிருந்து திரும்பி வந்து, அரசாங்கத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். என்னை "மிஸி" என்றுதான் கூப்பிடுவார். அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸை அப்படித்தான் அழைப்பார்களாம். வீட்டை லயம் என்பார். "இந்த வயித்துல ஆறு சொமந்தேன் மிஸி. ரெண்டு தங்கல. மூணு இங்கன இருக்கு. மூத்தவன் அங்கிட்டே நின்னுட்டான்" என்றார் முதல் நாளே. அவருடைய சீரத்தைச் சோதித்த அன்று டாக்டர் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். பெரும்பாலான சீரத்தில் நான்கைந்து ஆன்டிபாடிகள் கலந்து குழம்பிக் கிடக்கும். பூரணத்தினுடையது ஒரே ஒரு வகையை மட்டும், தப்பில்லாமல் பிடித்தது. அவருடைய வீட்டுக்காரர் அப்போதே இறந்துவிட்டிருந்தார். அதனால் மூன்று பிள்ளைகளிடமும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். மூத்த பெண்ணின் அணுக்களையும் பையனின் அணுக்களையும் அந்தச் சீரம் பிடித்தது. கடைசிப் பெண் சாந்தியினுடையதைப் பிடிக்கவில்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. தகப்பனிடமிருந்த இரண்டு வகையில் அவளுக்கு மற்றது போயிருந்தது. பூரணத்தின் ரத்தம் முதல் வகைக்கு மட்டும்தான் ஆன்டிபாடி வளர்த்திருந்தது. இதை நானே என் கையால் நோட்டில் எழுதிவைத்தேன்.

நல்ல சீரம் கிடைத்தால் ஒரு தடவையோடு விடமாட்டார்கள். மறுபடியும் மறுபடியும் வேண்டும். மற்ற நாட்டு ஆய்வுக்கூடங்களோடெல்லாம் பகிர்ந்துகொள்வார்கள். நீ பிறந்து, நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் பூரணத்திடம் போய்க்கொண்டிருந்தேன். நான்காவது தடவை அவர் தயங்கினார். "எதுக்கு மிஸி என் ரத்தமே திரும்பத் திரும்ப? அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்று கேட்டார். அவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. அழகாக ஒன்றைச் சொன்னேன். "உங்க வீட்டுக்காரரோட அடையாளம் உங்க ரத்தத்துல பதிஞ்சிருக்குதுங்க. உங்க புள்ளைக எங்க இருந்தாலும் இந்த ரத்தம் கண்டுபிடிச்சிரும்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார், ஏதோ அங்கே எழுதியிருப்பது போல. பிறகு நீட்டினார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மறுக்கவில்லை. அவருடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, ரத்தப் பையை நிரப்பிக்கொண்டு வருவேன். நான் சொன்னது முழுப் பொய் இல்லை கண்ணு. பாதி உண்மை. இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், முழுப் பொய்யாக இருந்திருந்தால் அது இவ்வளவு தூரம் போயிருக்காது.

அங்கேயே நின்றுவிட்ட மூத்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பம் கப்பல் ஏற வேண்டிய வாரத்தில் அவனுக்கு அம்மை போட்டிருந்தது. நாலு வயசு. அம்மையோடு கப்பலில் ஏற்றமாட்டார்கள். தேதியைத் தள்ளிவைத்தால் காகிதமெல்லாம் மறுபடி முதலிலிருந்து. கணவரின் அக்கா, "நாங்க அடுத்த கப்பல்ல கூட்டியாந்திடுறோம்" என்றாராம். அடுத்த கப்பலில் அவர்கள் வரவில்லை. அவர்களுக்கு அங்கேயே இருக்க உரிமை கிடைத்துவிட்டது. கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. பதின்மூன்று வருடம் போயிற்று. இலங்கையில் கலவரம் நடந்த வருடத்தின் கடைசியில், சேரம்பாடி பஸ்ஸிலிருந்து பதினேழு வயசுப் பையன் ஒருவன் ஒரு துணிப்பையோடு இறங்கி, பூரணத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தான். தன் பெயர் மகேந்திரன் என்றான். அத்தை வீடு எரிந்ததில் காகிதமெல்லாம் போய்விட்டது என்றான். அம்மாவின் முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

பூரணம் அவனை உள்ளே அழைத்துச் சோறு போட்டார். ஆனால் அவருடைய கொழுந்தன் ராமையா ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கலவரத்துக்குப் பிறகு யார் யாரோ யார் யார் பெயரையோ சொல்லிக்கொண்டு வந்த காலம் அது. வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடு. இன்னொன்றும் இருந்தது. இறந்துபோன அண்ணனின் இடத்தில் ராமையாவின் மகன் தற்காலிகமாக வேலை பார்த்தான். வேலைக்கேற்ற வயசில் சொந்த மகன் வந்துவிட்டால் அந்த வேலை அவனுக்குப் போகும். பத்து நாள் அந்த லயத்தில் சண்டை. பதினோராவது நாள் பூரணத்துக்கு நான் சொன்ன அந்த அழகான வார்த்தை ஞாபகம் வந்திருக்கிறது.

முதல் பஸ்ஸைப் பிடித்து மூன்று பேரும் ஊட்டிக்கு வந்து, காலை பத்து மணிக்கு எங்கள் கேட்டில் நின்றார்கள். பூரணம், ராமையா, அந்தப் பையன். ஊட்டிக் குளிருக்கு அவனிடம் ஸ்வெட்டர் இல்லை. ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தான். "மிஸி, நீங்கதான சொன்னீங்க, என் ரத்தம் கண்டுபிடிச்சிரும்னு? இவன் ரத்தத்த எடுத்து என் ரத்தத்தோட வச்சுப் பாருங்க" என்றார் பூரணம். டாக்டர் மெட்ராஸுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் முடியாது என்று அனுப்பியிருப்பார். நானும் அனுப்பியிருக்கலாம். ஆனால் டாக்டர் இல்லாத நாளில், என்னை நம்பி நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர்களுக்கு, நானே சோதித்து நானே முடிவு சொல்லப்போகிறேன் என்ற நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவனிடம் ரத்தம் எடுத்தேன். வெள்ளணுக்களைப் பிரித்தேன். அந்தச் சோதனைக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. அதில் அறுபது சின்னஞ்சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு பெண்ணின் சீரம் ஒரு சொட்டு. முப்பத்தாறாவது குழியில் பூரணத்தினுடையது. எல்லாக் குழியிலும் பையனின் அணுக்களை விட்டு, ஆன்டிபாடி பிடித்த அணுவைக் கொல்வதற்காக முயலின் சீரம் சேர்த்து, காத்திருந்து, சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். ஆன்டிபாடி பிடித்திருந்தால் அணு செத்துச் சாயம் ஏறிக் கறுத்திருக்கும். பிடிக்காவிட்டால் உயிரோடு பளபளவென்று மின்னும். எல்லாம் முடியும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. ராமையா ஜன்னல் பக்கம் வந்து, "மிஸி, சேருதா சேரலையா? ரெண்டுல ஒன்னச் சொல்லுங்க. மூணு மணி பஸ்ஸ விட்டா ஊரு போய்ச் சேர முடியாது" என்றார். தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து நேராக முப்பத்தாறாவது குழிக்குப் போனேன். எல்லா அணுக்களும் மின்னிக்கொண்டிருந்தன.

நான் வராந்தாவுக்கு வந்து, "சேரலைங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பூரணம் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பையன் ஊசி போட்ட இடத்தில் வைத்திருந்த பஞ்சை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "பரவால்லீங்க மிஸி" என்று என்னிடம் சொன்னான். என்னைத் தேற்றுவது போல. மூன்று பேரும் இறக்கத்தில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள். வரும்போது பூரணமும் அவனும் சேர்ந்து வந்தார்கள். போகும்போது அவன் பத்தடி பின்னால் போனான்.

அந்தத் தட்டில் மருந்து விட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாள் கெடாது. மூன்றாம் நாள், வேறு எதையோ தேடும்போது அது கையில் பட்டது. மற்ற குழிகளையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாதி தூரம் படிக்கும்போதே எங்கேயோ பார்த்த வரிசை மாதிரி இருந்தது. பழைய நோட்டை எடுத்தேன். சாந்தியின் பக்கம். எந்தெந்தக் குழியில் அவளுடைய அணுக்கள் கறுத்தனவோ அதே குழிகளில் இவனுடையவையும் கறுத்திருந்தன. எதில் மின்னினவோ அதில் மின்னின. அறுபதும் அப்படியே. அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்த அதே பாதி, அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த அதே பாதி. கூடப் பிறந்தவர்களுக்குள்தான் இப்படி அமையும். முன்பின் தெரியாத ஒருவனுக்கு இப்படி அமைவது நடக்காத காரியம் என்றே சொல்லலாம். முப்பத்தாறாவது குழி சாந்திக்கும் மின்னியதுதானே! அதனால் அவள் பூரணத்தின் மகள் இல்லை என்று யாராவது சொன்னோமா? நீ பிறந்த பிறகு விளையாட்டாக என் சீரத்தில் உன் அணுக்களை விட்டுப் பார்த்தேன். அதுவும் பிடிக்கவில்லை. அன்றைக்கு உன்னை ஒரு நொடியாவது சந்தேகப்பட்டேனா? எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வராந்தாவில், நான் சொன்ன அழகான வார்த்தையை நானே நம்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். அது பாதி உண்மை என்று அப்போது சொல்லியிருந்தால், இத்தனை நாளாக ரத்தம் எடுத்ததற்குச் சொன்ன காரணமும் பாதி பொய் என்று ஆகிவிடும். அதற்குத்தான் வாய் வரவில்லையோ என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன்.

அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். நான் கிளம்பவில்லை. முதலில் டாக்டரிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவைத்தார். "யார் உன்னை இதைச் செய்யச் சொன்னது? இது கோர்ட் கேஸ் ஆனால் கூடத்தை மூடிவிடுவார்கள்" என்றார். அடுத்த பயணத்தில் போகும்போது மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "வேல போயிரும்டி. அவுங்க குடும்பத்து விசியம், அவுங்களே பாத்துக்குவாங்க. பேசாம இரு" என்றார். அவர் பயந்தது நமக்காக. அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் கூடலூர்ப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பாதை சரியான பிறகு டாக்டருக்கு விருந்தாளிகள். இப்படி ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம். யார் படித்துச் சொல்வார்கள், என்ன நினைப்பார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஏழு வாரம் போய்விட்டது.

எட்டாவது வாரம் லீவு போட்டுவிட்டு நானே பஸ் ஏறினேன். பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் பிரித்து அனுப்பிய பிறகு, பூரணம் எந்த மலையில் பறிக்கிறார் என்று கேட்டு ஏறிப் போனேன். என்னைக் கண்டதும் கூடையை இறக்கிவிட்டு, வழக்கம்போலக் கையை நீட்டினார். ரத்தம் எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கண்ணு, அந்தக் கையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் உங்கள் பிள்ளைதான், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் கடந்து மேலே போய்விட்டார்கள்.

"வந்த பத்து நாளும் அவன் என் புள்ளையாத்தான் இருந்தான் மிஸி" என்றார் பிறகு. "அன்னிக்கி ஊட்டிலருந்து வந்து, நான் அவனுக்கு மட்டும் சோத்தப் போட்டு வாசப்படில வச்சேன். உள்ள வான்னு கூப்பிடல. விடிஞ்சதும், போயிட்டு வர்றேன்னான். எங்க போறேன்னு நான் கேக்கல. இருன்னு ஒரு வார்த்த சொல்லல. நீங்க ஒரு வார்த்தைதான் தப்பாச் சொன்னீங்க. நான் பெத்தவ." கூடையைத் தலைப்பட்டையில் மாட்டிக்கொண்டு பறிக்கத் தொடங்கிவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகேந்திரன் நாடுகாணி வழியாக நிலம்பூர் பக்கம் ரப்பர் வேலைக்குப் போனதாக ஒரு லாரிக்காரர் சொன்னார். உன் அப்பாவும் நானும் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போய்த் தேடினோம். உன் அப்பா பேசாமல் இரு என்று சொன்னவர்தான். தேடும்போது என்னைவிட அதிகமாக நடந்தார். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் ரப்பர்க் காட்டுக்குள் நடந்தது உனக்கு நினைவிருக்காது. வருடங்கள் போயின. ராமையாவின் மகனுக்கு வேலை நிரந்தரமானது. டாக்டரின் கூடம் மூடப்பட்டது. நான் தனியார் லேபுக்குப் போனேன். ஆறு வருடம் கழித்து, ராமையாவே ஒருநாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். வழிக்கடவுக்குப் பக்கத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிற ஆட்களில் மகேந்திரன் என்று ஒருவன் இருப்பதாக அவர் காதில் விழுந்திருந்தது. "எனக்கும் மனசு கேக்கலம்மா" என்றார்.

பூரணமும் நானும் போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓலை வேய்ந்த வீடு. அவன்தான். இருபத்து மூன்று வயசு ஆள், மீசையோடு. மலையாளமும் தமிழும் கலந்து பேசினான். மனைவி கைக்குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். "வாங்கம்மா, இருங்க" என்று பூரணத்தைப் பார்த்துச் சொன்னான். எந்தப் பெண் வந்தாலும் சொல்கிற "அம்மா" அது. பால் சேர்க்காத கட்டன் சாயா கொடுத்தார்கள். நான் நோட்டில் இருவருடைய பக்கத்தையும் பார்த்து எழுதிய காகிதம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன்: அவனுடைய அறுபது, சாந்தியின் அறுபது, இன்ன காரணத்தால் இவன் இன்னாருடைய மகன், அன்று சொன்னது என் பிழை என்று. அவன் கடைசி வரை நிதானமாகப் படித்தான். மடித்தான். திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

"இது எனக்கு எதுக்குங்க? நான் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுதான வந்தேன். அவுங்களுக்குத்தான் காயிதம் வேண்டியிருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அவன் மனைவி மட்டும் குழந்தையைக் கொண்டுவந்து பூரணத்தின் மடியில் வைத்தாள். பூரணம் அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அவன் பஸ் வரும் வரைக்கும் சாலையோரம் நின்றான். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை ஓணத்தை ஒட்டிச் சேரம்பாடிக்கு வந்து இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போவான் என்று கேள்விப்பட்டேன். இரவு தங்கியதில்லை. பூரணம் இறந்தபோது வந்து, மகன் செய்ய வேண்டியதை முறையாகச் செய்தான். ஆனால் "அம்மா" என்று அழவில்லை என்று சாந்தி என்னிடம் சொன்னாள்.

உன் கூடத்தில் தட்டும் குழியும் இருக்காது. இப்போது மரபணுவையே நேராகப் படித்துவிடுகிறீர்கள். எங்களைவிட நூறு மடங்கு சரியாக வரும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் மாறவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்பார்கள். உனக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். முழுவதையும் பார்த்தாயா என்று உன்னையே கேட்டுக்கொள். இந்தச் சோதனைக்கு எது தெரியாது என்பதையும் அவர்களிடம் சொல். தப்பு நேர்ந்துவிட்டால் அன்றைக்கே பஸ் ஏறு. வேலை போனால் போகட்டும், வேறு கிடைக்கும். இவர்களுக்கு இவ்வளவு போதும் என்று நீயே முடிவு செய்துகொள்ளாதே. இந்தக் கடைசி விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழிக்கடவிலிருந்து திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. மலை ஏறத் தொடங்கியதும் பூரணம் கேட்டார், "என் ரத்தத்துக்கு ஏன் மிஸி அவனத் தெரியல?" இந்தத் தடவை நான் அழகாக ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கணவரிடம் இரண்டு வகை இருந்தது, பிள்ளைக்கு ஒன்றுதான் போகும், எது போகும் என்று யாருக்கும் தெரியாது, உங்கள் உடம்பு அதில் ஒன்றைத்தான் கண்டு எதிர்த்தது, மற்றதைக் கண்டுகொள்ளவில்லை என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். வளைவுக்கு வளைவு அவர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். நாடுகாணியில் பஸ் நின்றபோது அவரே எனக்குத் திருப்பிச் சொன்னார்: "அப்ப பெரியவளுக்கும் சின்னவனுக்கும் அவுக அப்பாகிட்டருந்து ஒன்னு. மூத்தவனுக்கும் சாந்திக்கும் இன்னொன்னு. என் ரத்தம் மொத ஒன்னத்தான் புடிக்கும். புடிச்சா அது அவருகிட்டருந்து வந்ததா இருக்கலாம். புடிக்கலேன்னா அதுல ஒன்னும் சொல்ல முடியாது. அப்படித்தான மிஸி?"

"அப்படித்தானுங்க" என்றேன். ஒரு சொல் கூடுதலில்லை, குறைவில்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இத அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு வெளங்கியிருக்குமே மிஸி."

உன் அம்மா